வெளிப்பாடம் எடுத்தவர்கள்

மற்றவர் வீட்டுப் பிள்ளைகளின் மூன்று வருஷப் படிப்பை முன்கூட்டியே யோசித்து, எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று வகுத்துக் கொடுப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டு. அதை நான் கொஞ்ச காலம் பார்த்தேன். காலேஜில் எதை எடுப்பது என்று தெரியாமல் யார் முன்னாலாவது போய் நின்றவர்களும், அப்படி நின்றவர்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை மனசைப் போட்டுக் குடைந்துகொண்டவர்களும் நம் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஜன்னல்

2004 ஜூன் மாதம் மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளம் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்குகிற இடத்தில் இருந்த ஒரு சின்னக் கலை அறிவியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். எனக்குக் கோட்டக்குப்பம். கல்யாணமான வருஷமே கணவர் ரஃபீக் ஷார்ஜாவுக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மாமியும் மட்டும். மாமி தொழுகைப் பாயைச் சுருட்டி வைக்கும்போது நான் டிபன் பாக்ஸோடு ஈ.சி.ஆர். ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பேன்.

எங்கள் பிரின்சிபால் வேறு ஏதோ ஊர் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு செமஸ்டரிலும் கம்ப்யூட்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாடத்தையும் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. விருப்பப் பாடத்துக்குப் பல்கலைக்கழகம் விட்டிருந்த சின்ன இடத்தில் அவர் இசை, ஓவியம், பொருளாதாரம், கடல் வணிக வரலாறு, ஒலியியல் எல்லாவற்றையும் நுழைத்துவிட்டார். எங்களுக்குள் அதற்கு வெளிப்பாடம் என்று பெயர். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்து, யாருக்கு எது என்று பேசி முடிவு செய்கிற பொறுப்பு, இருப்பதிலேயே புதிதாக வந்தவள் என்பதால் என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. சார், இவங்க எல்லாம் சி பிளஸ் பிளஸ் படிச்சு சென்னைக்கு வேலைக்குப் போகணும்னு வர்றாங்க, இவங்களுக்கு எதுக்கு ஓவியமும் ஒலியியலும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு வருஷம் இங்க இருக்கப் போறாங்க. அத்தனை நாளும் ஒரே ஜன்னல் வழியாவே ஏம்மா பாக்கணும்?"

வராத பாட்டு

முதல் வாரமே வானூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா வந்தார். மணிலாக் கடலையும் நெல்லும் பயிரிடுகிற குடும்பம். இரண்டாம் வருஷத்தில் இருந்த மகன் மணிபாலன் அவர் பின்னால் நின்றான். வெள்ளை வேட்டியும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, பையனுக்கு இசைப் பாடம் போட்டிருக்கிறதாமே, கம்ப்யூட்டரில்தானே சேர்த்தோம் என்று மரியாதையாகத்தான் கேட்டார். மற்ற பாடங்களில் இடம் நிரம்பிவிட்டதால் மணிபாலனே கடைசியில் இசைக்குத் தலையாட்டியிருந்தான். பிரின்சிபால் எனக்குச் சொன்ன ஜன்னல் கதையை நான் அவருக்குச் சொன்னேன். அது அவரிடம் எடுபடவில்லை.

மகனைத் திரும்பிப் பார்த்து உனக்குப் பாட்டு வருமா என்றார். வராதுப்பா என்றான். வராததை எதற்குங்க எடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். வந்த பாடத்தைப் படிக்க யாரும் காலேஜுக்கு வருவதில்லை, வராததைப் படிக்கத்தான் வருகிறார்கள் என்று நானும் விடாமல் சொன்னேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்படிப் பாத்தா, இவனுக்கு நீங்க எல்லாப் பாடத்தையும் குடுக்கணுமேங்க."

ஷார்ஜாவிலிருந்து ஒரு மாணவர்

வெள்ளிக்கிழமை ரஃபீக்குக்கு லீவு. ஜும்மா தொழுகை முடித்து, ரூமில் சாப்பிட்டுவிட்டு, எனக்குப் போன் செய்வார். இங்கே அது மத்தியானக் கடைசி வகுப்பு நடக்கிற நேரம். பிள்ளைகளுக்கு ஏதாவது புரோகிராம் எழுதச் சொல்லிவிட்டு லேப் வாசலில் நின்று பேசுவேன். எவ்வளவு பேசினாலும் வீட்டுக்கதை சீக்கிரம் தீர்ந்துபோய்விடும். அதற்குப் பிறகு காலேஜ் கதைதான். யார் யார் என்ன பாடம் எடுத்தார்கள் என்று அவர் கேட்பார். வானூர் அப்பா கதையைச் சொன்னபோது அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு. ரஃபீக் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர்தான். அவருடைய அத்தா திடீரென்று இறந்துபோனதில் படிப்பு நின்று, ஒரு கம்பெனி கிடங்கில் ஸ்டோர் கீப்பராகப் போனவர். எனக்கும் ஒரு பிளான் போட்டுக் கொடு என்றார் ஒருநாள்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். கணக்கு சம்பந்தமாக எதுவும் வேண்டாம், பகல் முழுக்க அதுதான் என்றார். முதல் செமஸ்டருக்கு ஓவியம் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமையே கலர் பென்சில் வாங்கிவிட்டதாகவும், கிடங்கில் கிழித்துப் போட்ட அட்டைப்பெட்டியில் நம் ஊர்க் கடலை வரைந்து பார்த்ததாகவும் சொன்னார். ரூமில் இருக்கிற மலையாளி அதைப் பார்த்து வயலா என்று கேட்டானாம். அப்புறம் எங்களுக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. இரண்டாவது செமஸ்டர், மூன்றாவது செமஸ்டர் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்றைப் பேசி முடிப்போம். ஆறாவது செமஸ்டரையும் பேசி முடித்த வாரம், கம்பெனியில் காண்ட்ராக்ட்டைப் புதுப்பித்துவிட்டார்கள், இந்த வருஷம் வர முடியாது போலிருக்கிறது என்றார். பிறகு அவரே கேட்டார்: "ஆறு செமஸ்டரும் போட்டுட்டியே, இதுல ஊருக்கு வர்ற லீவு எந்த செமஸ்டர்ல வருது?"

கடல் இல்லாத பாடம்

முதல் வருஷத்தில் செல்வம் என்று ஒரு பையன். மீனவக் குப்பத்திலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்தவன். வெளிப்பாடமாக அவன் ஆசைப்பட்டுக் கேட்டது கடல் வணிக வரலாறு. அந்தக் காலத்தில் நம் கரையிலிருந்து எந்தக் கப்பல் எங்கே போனது என்பதை பிரின்சிபாலே நடத்துவார். டிசம்பர் தொடக்கத்தில் வகுப்பு ஆரம்பித்தபோது முன் பெஞ்சில் அவன்தான்.

அந்த டிசம்பர் முடிவதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது. காலேஜ் வகுப்பறைகளில் குப்பத்து ஜனங்கள் பாய் விரித்துத் தங்கினார்கள். இசை வகுப்பு நடந்த ஹாலில் அரிசி மூட்டை அடுக்கினோம். செல்வத்தின் வீடு போயிற்று, படகு போயிற்று, அவனுடைய சித்தப்பா திரும்பி வரவில்லை. பொங்கலுக்குப் பிறகு வகுப்புகள் மறுபடி தொடங்கியபோது அவன் என் மேஜைக்கு வந்து பாடத்தை மாற்ற வேண்டும் என்றான். மாற்றுகிற தேதி முடிந்துபோய் வெகு நாளாகியிருந்தது. ஆபீசில் யாரும் தேதியைப் பற்றிப் பேசக் கூடாது என்று பிரின்சிபால் முன்னமே சொல்லி வைத்திருந்தார். எதை எடுத்துக்கறே, பொருளாதாரமா, ஓவியமா, நிதானமா யோசிச்சு நாளைக்குச் சொல்லு என்றேன். எனக்கு அவனை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அவன் யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுபோலச் சொன்னான்: "கடல் இல்லாத பாடம் எதுனா குடுங்க மிஸ்."

பத்துப் பேர்

இனி தனலட்சுமியைப் பற்றி. எல்லாருக்கும் அவள் தனம். அவள் அம்மா அஞ்சலை உப்பளத்தில் கூலி வேலை. பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கூடையில் சுமந்து குவிக்கிற வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருட்டோடு போவார்கள். அப்படியும் வெயில் வந்துவிடும். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை வருஷக்கணக்காகப் பார்த்ததில் அந்த அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆளைத் தெரியும், வழி தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. அஞ்சாவது வரை படித்து, வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை ஒரு வாரம்கூட விடாமல் வாசித்துக்கொண்டிருந்தவர். இப்போது தனம் வாசித்துக் காட்டுவாள்.

2005 ஜூனில் ஐந்தாவது செமஸ்டருக்குப் பாடம் பேச வந்தபோது தனம் ஒலியியல் வேண்டும் என்றாள். அதுவரை யாருமே கேட்காத பாடம். ஏன் என்றேன். படிப்பு முடிந்தால் வேலைக்கு வெளியூர் போக வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் தமிழை வாசிக்கிற ஒரு புரோகிராம் செய்துவிட்டுப் போக வேண்டும், அதற்கு எழுத்து எப்படிச் சத்தமாகிறது என்று தெரிய வேண்டும் என்றாள். பாடத்துக்குப் பத்துப் பேர் சேராவிட்டால் வகுப்பு கிடையாது என்பது ஆபீஸ் விதி. அவளோடு சேர்த்து இரண்டே பேர். மற்றவர்களை மரத்தடியிலும் கேண்டீனிலும் நான் தேடிப் போய்ப் பிடித்தேன். ஒலியியல் என்றதும் ஒவ்வொருவரும் ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டதுபோல் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல், இந்த வகுப்பு கம்ப்யூட்டர் லேபில் நடக்கும் என்று ஏற்பாடு செய்தேன். காலேஜிலேயே ஏசி இருந்த ஒரே அறை அதுதான், அதுவும் கம்ப்யூட்டர்களின் நன்மைக்காகப் போட்டது. மறுநாள் காலையில் மணிபாலன் தன் கூட்டாளிகள் ஏழு பேரோடு வந்து என் மேஜையைச் சுற்றி நின்றான். "ஒலியியல்னா என்னன்னு எங்களுக்குத் தெரியாது மிஸ். ஏசியியல்னு நெனச்சிக்கினு வர்றோம்."

சத்தம்

ஒலியியல் நடத்தியவர் தமிழ்த்துறை அந்தோணி சார். மவுசைத் தொடவே கூச்சப்படுவார். ஆனால் தனத்துக்கு வேண்டியது அவரிடம்தான் இருந்தது. எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தன் குரலில் பதிவு செய்து, அவற்றைக் கோர்த்து வார்த்தையாக்கிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் கரும்பலகையில் கடல், பகல், சங்கு என்று மூன்று வார்த்தை எழுதி அவளையே வாசிக்கச் சொன்னார். மூன்றிலும் எழுத்தில் இருப்பது ஒரே ககரம், வாயில் வருவது மூன்று சத்தம். தனம் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். வேலை அங்கேயே பல மடங்காகிவிட்டது. ஏசிக்காக வந்தவர்கள்கூட அன்றைக்கு க, க, க என்று விதவிதமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

குரலைப் பதிவு செய்கிற நாளில்தான் வினை வந்தது. ஹெட்செட் மைக்கில் தனத்தின் குரலுக்குப் பின்னால் ஏசியின் உறுமலும் பதிந்தது. ஏசியை நிறுத்தினோம். ஜன்னலைத் திறந்தால் ரோட்டு பஸ் சத்தம் என்று அதையும் மூடினோம். மணிபாலன் கூட்டம் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. யாராவது தும்மினால் மறுபடி முதலிலிருந்து. தனம் தொண்டை கட்டும்வரை சொன்னாள். ஒரு சத்தம் சரியில்லை என்றால் அந்தோணி சார் கையைத் தூக்குவார், அவள் இன்னொரு முறை சொல்வாள். சாயங்காலம் வெளியே வந்ததும் அவர் சட்டையைக் காற்றுக்கு உதறிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "இத்தன வருஷமா பாடம் நடத்தறேன் மேடம். என் பாடத்துக்காக ஏசியை நிறுத்துனது இதான் மொத தடவை."

தொடர்கதை

ஆறாவது செமஸ்டரில் அதையே தனம் புராஜெக்ட்டாகச் செய்து முடித்தாள். நாம் தமிழில் அடிப்பதை அது வாசிக்கும். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் இடைவெளி விழும், சில இடத்தில் சொல்லைக் கடித்துத் துப்பும். ஆனாலும் புரியும். அம்மாவை ஒருநாள் லேபுக்கு அழைத்துவந்தாள். அஞ்சலை அம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நல்ல புடவை கசங்காமல் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். குளிருக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டார்.

அந்த வாரத் தொடர்கதையிலிருந்து ஒரு பக்கம் அடித்து வைத்திருந்தாள் தனம். கம்ப்யூட்டர் பெட்டி வாசிக்க ஆரம்பித்தது. நான், அந்தோணி சார், மணிபாலன் எல்லாரும் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டார். கதையில் அந்த இடம் அழுகிற இடம். பெண் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். தனம் என்னம்மா, எப்படியிருக்கு என்று மெதுவாகக் கேட்டாள். அந்த அம்மா மகளைப் பார்த்து, பிறகு பெட்டியைப் பார்த்து, உள்ளதைச் சொன்னார்: "உன் குரலுதான். ஆனா அழற எடத்துல கூட திண்டிவனம் பஸ்ஸு கெளம்புதுன்னு சொல்ற மாதிரியே சொல்லுதுடி."

சனிக்கிழமை

தனத்துக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. தமிழில் மென்பொருள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. நேர்முகத் தேர்வில் அவர்கள் கேட்டதெல்லாம் ககரத்தைப் பற்றித்தானாம். 2006 ஜூனில் அவள் பெட்டியோடு பஸ் ஏறினாள். வழியனுப்பப் போனவர்களில் நானும் ஒருத்தி. அஞ்சலை அம்மா அன்றைக்கு அழவில்லை. ஜன்னலோரம் உட்காராதே, காத்து அடிக்கும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதே மாதத்தில் பிரின்சிபாலும் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் வெளிப்பாடங்களை எடுத்துவிட்டு அந்த நேரத்துக்கு இன்டர்வியூ பயிற்சி போட்டார். அந்தோணி சாருக்கு லேபில் வேலை இல்லாமல் போயிற்று. ரஃபீக் வருகிறேன் என்று சொன்ன மாதமும் வந்தது, அவர் வரவில்லை.

மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அப்படி ஒரு சனிக்கிழமை, லேபில் நான் மட்டும் இருந்தபோது அஞ்சலை அம்மா குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். கையில் அந்த வாரப் பத்திரிகை, நனையாமல் பிளாஸ்டிக் பையில். பக்கத்து வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லையா என்று நான் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, தனத்தின் புரோகிராமைத் திறந்து, கதையை அடிக்க ஆரம்பித்தேன். தமிழில் எனக்குத் தட்டச்சு வேகம் போதாது. ஒரு பக்கம் அடிப்பதற்குள் மழை விட்டு மறுபடி பிடித்தது. அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்ததும். மூன்றாவது முறை எனக்கே தோன்றிவிட்டது, இவ்வளவு நேரம் காக்கவைத்து இந்தப் பெட்டி திக்கித் திக்கி வாசிப்பதற்கு, நானே நன்றாக வாசித்துக் காட்டிவிடலாமே என்று. வெள்ளிக்கிழமைகளில் இப்போதெல்லாம் கடனேயென்று எப்போதாவது இரைச்சலோடு வருகிற ஒரு குரலுக்காக நானும் லேப் வாசலில் நிற்கிறவள்தான். ஆனாலும் அந்த நிமிஷம் எனக்குப் புத்தியில் படவில்லை. நான் படிக்கட்டுமாம்மா என்று கேட்டுப் பத்திரிகைக்குக் கை நீட்டினேன். அவர் அதைக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். எனக்கு வருத்தமாகிவிடக் கூடாதே என்று யோசித்து யோசித்துத்தான் சொன்னார்: "நீங்க நல்லாத்தான் படிப்பீங்க டீச்சரம்மா. ஆனா அது தப்புந்தவறுமா படிச்சாலும் எங்க தனம்தானே படிக்குது."

எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும் பிள்ளைகள் பாஸ் பண்ணிவிட்டு வெளியூர் போய்விடுகிறார்கள், அரியர் என்னவோ வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் விழுகிறது என்பதே நான் பார்த்த வேலையின் சுருக்கம்.